பெயர் இருந்தவர்களுக்குப் பணம் வந்தது

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில், "பிரிஹாத்தின் காசுல வாங்கினது", அதாவது கோவிட் காலத்தில் அரசு கொடுத்த உதவிப் பணத்தில் வாங்கியது, என்று சொல்ல வீட்டுக்கு வீடு ஏதாவது ஒன்று இருக்கிறது. ஒரு வீட்டில் தையல் மெஷின். இன்னொரு வீட்டில் பிள்ளையின் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய கைப்பேசி, திரை கீறி, இப்போது தாத்தா பாட்டுக் கேட்கிறார். நிறைய வீடுகளில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அரிசி, பால்மாவு, பெம்பர்ஸ், மின்சார பில் என்று அன்றன்றைக்கே கரைந்துபோன பணம் அது. அந்தப் பணத்தைப் பற்றி நன்றியோடுதான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அது யார் வீட்டுக்கு வரவில்லை என்பதையும் எழுதாமல் விட மனசு வரவில்லை.

நான் டவுனில் ஒரு ஹார்ட்வேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். அம்மா பால்வெட்டினார். தோட்டம் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறிய பிறகு அப்பா குலை வெட்டினார். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் படித்து, டவுனுக்கு வேலைக்கு வந்தவள். கணக்குக்காரப் பெண்ணுக்குப் பாரம் நிரப்பத் தெரியும் என்று எங்கள் வட்டாரமே ஒரு முடிவுக்கு வந்திருந்ததால், கோவிட் காலத்தில் என் கைப்பேசிக்கு ஓய்வே இல்லை. ஐசியை (அடையாள அட்டையை) முன்னும் பின்னும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். பேங்க் புத்தகத்தின் முதல் பக்கம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், சில சமயம் சம்பளத் துண்டு. நிரப்பி அனுப்பியதும் எல்லாப் படங்களையும் அழித்துவிடுவேன். அழித்துவிட்டேன் என்று அவர்களுக்குச் செய்தியும் போடுவேன். அப்போது உதவித்தொகையின் பெயரைச் சொல்லி ஏமாற்றும் செய்திகள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தன. பயப்படாமல் ஒருவரிடம் ஐசி கொடுக்க முடிவது அன்றைக்குப் பெரிய விஷயம்.

முதலில் என்ன கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. மார்ச் 27-ஆம் தேதி பிரதமர் முகைதீன் யாசின் டிவியில் வந்து பிரிஹாத்தின் திட்டத்தை அறிவித்தார். மொத்தம் 25,000 கோடி வெள்ளி (ரிங்கிட்). மாதம் 4,000 வெள்ளியும் அதற்குக் கீழும் வருமானம் உள்ள குடும்பத்துக்கு 1,600 வெள்ளி: ஏப்ரலில் 1,000, மே மாதம் 600. 4,001 முதல் 8,000 வரை உள்ள குடும்பத்துக்கு 1,000. கல்யாணமாகாத, 21 வயதைத் தாண்டிய, 2,000 வெள்ளிக்குள் சம்பாதிக்கும் பிள்ளைக்கு 800. முதல் வகைக் குடும்பங்களே சுமார் 40 லட்சம் என்று அரசு கணக்குச் சொன்னது.

1,600 வெள்ளி எங்கள் பக்கம் எவ்வளவு பெரிய தொகை என்பது கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு உடனே புரியாது. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் குறைந்தபட்ச சம்பளம் நகரப் பகுதிகளில் 1,200 வெள்ளி ஆகியிருந்தது. மற்ற இடங்களில் 1,100. ஆக, ஏப்ரலில் வந்த அந்த முதல் ஆயிரமே ஒருவருடைய ஒரு மாத உழைப்புக்குப் பக்கத்தில் நின்றது. அதுவும் யாரையும் கெஞ்சாமல், எந்தத் தலைவர் வீட்டு வாசலிலும் நிற்காமல், நேராகக் கணக்கில் விழுந்தது. முன்பே பந்துவான் சாரா ஹிடுப் என்ற வாழ்க்கைச் செலவு உதவி வாங்கியவர்களுக்குப் பாரமே நிரப்ப வேண்டியிருக்கவில்லை. வருமான வரி வாரியத்திடம் அவர்கள் விவரம் இருந்தது, பணம் போனது. தோட்டப்புறத்தில் அரிசி மூட்டையோடு படம் எடுத்துக்கொண்டு போகும் உதவிகளைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, அந்த ஏப்ரல் மாதம் அரசு நடந்துகொண்ட விதம் மரியாதையாக இருந்தது. இதை நான் எப்போதும் சொல்வேன்.

எங்கள் கடைக்கும் உதவி வந்தது. ஹார்ட்வேர் கடை அத்தியாவசியப் பட்டியலில் இல்லாததால் மே 4 வரை பெரும்பாலும் ஷட்டர் இறங்கியே இருந்தது. சாமான் எடுத்த சப்ளையருக்குக் கொடுக்க வேண்டும், கடை வாடகை இருக்கிறது, சம்பளம் இருக்கிறது. தவுக்கே, அதாவது முதலாளி, போன் பண்ணி, "எத்தன மாசம் தாங்கும், பார்த்துச் சொல்லு" என்றார். அவருக்குத் தமிழ் நன்றாக வரும், தோட்டத்துக் கடையில் வளர்ந்தவர். நான் கணக்குப் பார்த்துச் சொன்ன பதில் இரண்டு பேருக்குமே பிடிக்கவில்லை.

ஏப்ரல் 6-ஆம் தேதி சிறு நடுத்தரத் தொழில்களுக்காகத் தனியாக 1,000 கோடி வெள்ளி அறிவித்தார்கள். சம்பள மானியம் கூடியது. 4,000 வெள்ளிக்குள் சம்பாதிக்கும் ஒவ்வொரு ஊழியருக்கும் மாதம் 1,200 வெள்ளி, 75 பேர் வரை வைத்திருக்கும் முதலாளிக்கு. 76 முதல் 200 பேர் வரை என்றால் 800. அதற்கு மேல் 600. மூன்று மாதத்துக்கு. நிபந்தனை தெளிவாக இருந்தது: பணம் வாங்கும் மூன்று மாதமும், அதற்குப் பிறகு மூன்று மாதமும் ஆளை நிறுத்தக் கூடாது. சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) இணையத்தளத்தில் ஊழியர் பட்டியலை ஏற்றினேன். கடையில் உள்ள எட்டு உள்ளூர் ஆட்களுக்கும் சேர்த்து மாதம் 9,600 வெள்ளி. யாரும் வேலை இழக்கவில்லை. ஜூன் மாதம் பெஞ்சானா திட்டத்தில் ஆளுக்கு 600 என்று இன்னும் மூன்று மாதம் நீட்டினார்கள், அதையும் வாங்கினோம்.

வங்காளதேசத்திலிருந்து வந்து சிமெண்டு மூட்டை தூக்கும் பையன்கள் மூன்று பேர் அந்தப் பட்டியலில் இல்லை. திட்டம் மலேசியர்களுக்கு மட்டும். அவர்களுக்கு முதலாளி தன் கையிலிருந்து பாதிச் சம்பளமும் அரிசியும் கொடுத்தார். நல்ல மனுஷர், கொடுத்தார். மனசில்லாத முதலாளியிடம் மாட்டியவர்களுக்கு அதுவும் கிடையாது.

அந்தப் பட்டியலை ஏற்றிய ராத்திரிதான் எனக்கு ஒரு விஷயம் சுரீர் என்று பட்டது. எங்கள் எட்டுப் பேரைக் காப்பாற்றியது என்ன? முதலாளி மாதாமாதம் சொக்சோ கட்டியிருந்தார். எஸ்.எஸ்.எம். என்ற நிறுவனப் பதிவு ஆணையத்தில் கடை பதிவாகியிருந்தது. ஊழியர் பெயர், ஐசி எண், சம்பளம் எல்லாம் பல ஆண்டுகளாக ஓர் அரசாங்கப் பதிவேட்டில் இருந்தன. வைரஸ் வருவதற்கு முன்பே எழுதப்பட்டிருந்த பெயர்களைத் தேடித்தான் பணம் வந்தது. எழுதப்படாத பெயருக்கு வருவதற்கு வழியே இல்லை. தோட்டப்புற வாழ்க்கையில் பாதி எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல்தான் நடக்கிறது.

எங்கள் டவுனின் பொருளாதாரம் என்று யாராவது படம் போட்டால் செம்பனை, ரப்பர், பட்டறை, பேரங்காடி என்று போடுவார்கள். உண்மையில் எங்கள் ஆட்களில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுவது கல்யாணமும் கோயிலும். பந்தல் போடுகிறவர், வாழைமரம் கட்டுகிறவர், நாதஸ்வர மேளக் குழு, சமையல் கோஷ்டி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர், மணப்பெண் அலங்காரம், வீடியோக்காரர், முறுக்கு சுற்றித் தருகிற அக்காமார். தைப்பூசம் முடிந்து பங்குனி, சித்திரை, ஆடி என்று வரிசையாக வேலை இருக்கும். எல்லாம் ரொக்கம். போன் பண்ணி நாள் குறித்து, முன்பணம் வாங்கி, முடிந்ததும் மீதியை எண்ணி வாங்குவது. செம்பனைத் தோட்டங்கள் கட்டுப்பாடுகளோடு ஓடிக்கொண்டிருந்தன. பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் இடத்துக்கு) போனவர்களுக்குக் குறைவாகவோ நிறைவாகவோ சம்பளம் இருந்தது. இந்தக் கல்யாண, கோயில் தொழில்கள் ஒரே நாளில் நின்றன. கடை திறக்கலாம், பட்டறை திறக்கலாம் என்று ஆன பிறகும், கூட்டம் கூடக் கூடாது என்ற தடை நீண்டுகொண்டே போனது. 2021 தைப்பூசத்துக்குக் காவடியும் இல்லை, பக்தர் கூட்டமும் இல்லை.

டவுனில் பூமாலை கட்டி விற்கும் ஓர் அக்கா. கோயிலுக்கு எதிரே ஒட்டுக்கடை. புருஷன் இறந்த பிறகு அந்தக் கடையில்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தார். மார்ச் 18-க்கு முந்தின நாள் கேமரன் மலையிலிருந்து வந்த பூக்கூடைகள் அப்படியே அழுகின. குறுந்தொழில்களுக்கு 3,000 வெள்ளி சிறப்பு மானியம் அறிவித்தபோது முதலில் என்னைக் கூப்பிட்டவர் அவர்தான்.

"மூவாயிரம் வந்துச்சுன்னா பூக்காரன் கடன அடச்சுருவேன் பாப்பா."

"எஸ்.எஸ்.எம். இருக்காக்கா?"

"அது என்னா?"

"கடைப் பதிவு. இல்லன்னா நகராட்சி லைசென்ஸ்?"

"நான் என்னா கம்பெனியா வச்சிருக்கேன்? பூ கட்றேன்."

அத்தனை ஆண்டு அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தார். ஊரே அவரிடம் மாலை வாங்கியிருக்கிறது. தேர்தலுக்கு நிற்பவர்கள் எல்லாக் கட்சியிலிருந்தும் வந்து மாலைக்குச் சொல்லிவிட்டுப் போவார்கள். ஆனால் தொழில் என்ற கணக்கில் அவர் இல்லை. மானியத்துக்கு எஸ்.எஸ்.எம். அல்லது ஊராட்சிப் பதிவு வேண்டும், வருமான வரி வாரியத்தில் விவரம் இருக்க வேண்டும். அரசின் சிறுதொழில் கடன் அமைப்பான தெக்குன் 10,000 வெள்ளி வரை வட்டியில்லாமல் குறுங்கடன் கொடுத்தது, அதற்கும் தொழில் ஆதாரம் கேட்பார்கள். கடைசியில் குடும்ப உதவியாக வந்த 1,600 வெள்ளியில்தான் அவர் வண்டி ஓடியது. தொழிலைக் காப்பாற்ற என்று வந்த பணம் அவர் தொழிலின் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வீட்டு உதவியில் பாதியைப் பூக்காரருக்குக் கொடுத்தார், மீதியில் வீடு.

சட்டத்தில் தப்பு இருக்கிறது என்று நான் சொல்லமாட்டேன். மூன்று வாரத்துக்குள் லட்சக்கணக்கான பேருக்குப் பணம் அனுப்ப வேண்டுமென்றால் கையில் இருக்கும் பட்டியலை வைத்துத்தான் அனுப்ப முடியும். புதுப் பட்டியல் எழுத நேரம் இருக்கவில்லை. என் வருத்தம் அதற்கு முந்தின ஐம்பது ஆண்டுகள் பற்றியது. அந்தப் பட்டியல்களில் எங்கள் ஆட்களைச் சேர்க்க நேரம் இருந்ததே.

குத்தகை ஆட்களையும் சொல்ல வேண்டும். பெரிய தோட்டங்களில் நேரடி வேலைக்காரர்கள் குறைந்து, குத்தகைக்காரர் கொண்டுவரும் ஆட்கள் கூடிப் பல காலம் ஆகிறது. குலை வெட்டுவது, உரம் போடுவது, மருந்து அடிப்பது எல்லாம் அவர்கள்தான். சில குத்தகைக்காரர்கள் ஒழுங்காக சொக்சோவும் சேமநிதியும் கட்டுகிறார்கள். கட்டாதவர்களிடம் வேலை செய்த அண்ணன்மார் என்னிடம் வந்தபோது நான் பார்த்தது என்ன தெரியுமா? பன்னிரண்டு ஆண்டு குலை வெட்டிய ஒருவருடைய சேமநிதிக் கணக்கில் கடைசியாகப் பணம் விழுந்தது 2011-இல். அதற்குப் பிறகு அந்த மனுஷர் வேலை செய்ததற்கு அடையாளம் அவர் தோள்பட்டை மட்டும்தான்.

குடும்ப உதவி பேங்கில் கணக்கு இல்லாதவர்களுக்கும் கிடைக்கும்படி செய்திருந்தார்கள், கவுண்டரில் ஐசி காட்டி ரொக்கமாக வாங்கலாம். எங்கள் பழைய லயத்துப் பாட்டி ஒருவர், எழுபதைத் தாண்டியவர், குடிமக்களுக்கான நீல ஐசி வைத்திருப்பவர். சம்பளத்தை எப்போதும் கையில் வாங்கியவர், பேங்க் பக்கமே போனதில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். வெயிலில் ஒரு மீட்டர் இடைவெளி விட்டு வரிசை, முகக்கவரி, உடல் சூடு பார்ப்பது எல்லாம் முடிந்து கவுண்டருக்குப் போனால், கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். மெஷின் பிடிக்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். இடது கை, வலது கை, மறுபடி இடது கை. எதிலும் பிடிக்கவில்லை.

நான் அந்தக் கையைக் கிட்டத்தில் பார்த்தேன். கட்டைவிரல் நுனி வழவழவென்று தேய்ந்திருந்தது. நாற்பது ஆண்டுக்கு மேல் விடியற்காலையில் பால்வெட்டுக் கத்தி பிடித்த கை, கோப்பையில் உறைந்த கட்டிப்பாலைத் தோண்டியெடுத்த கை, பால் உறைய ஊற்றும் ஆசிட் பட்ட கை. கோடுகள் இருக்க வேண்டிய இடத்தில் தோல் மட்டும் இருந்தது. "எனக்கு ரேகையே இல்லையாம்மா?" என்று பாட்டி என்னைக் கேட்டார். அந்தக் கவுண்டர் பெண்ணும் பாவம், நின்று போராடினாள். அன்றைக்குப் பணம் தரவில்லை. பதிவிலாகாவில் கைரேகைக்கு ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள், பதிவிலாகாவோ அப்போது முன்பதிவு இல்லாமல் உள்ளே விடவில்லை. பணம் கிடைத்தது, ரொம்பத் தாமதமாக. அதுவரை பாட்டி பக்கத்து வீட்டில் கடன் வாங்கிச் சாப்பிட்டார்.

கடன் ஒத்திவைப்பு பற்றியும் சுருக்கமாக. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2020 ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை ஆறு மாதம் வீட்டுக் கடன், கார்க் கடன் தவணைகளைத் தானாகவே ஒத்திவைத்தது. 90 நாளுக்கு மேல் தவணை பாக்கி இருந்தவர்களுக்குக் கிடையாது. எங்கள் பக்கம் நிறைய பேருடைய பெரிய கடனே மோட்டார் சைக்கிள்தான். அதில் பெரும்பகுதி பேங்க் கொடுத்ததில்லை, கடன் கம்பெனிகள் கொடுத்தது. அந்த ஒத்திவைப்பு உத்தரவு பேங்குகளுக்குப் போட்டது. "எல்லாருக்கும் ஆறு மாசம் கட்ட வேணாம்னு டிவியில சொன்னாங்களே" என்று நம்பி இருந்த பையன்களுக்குக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. ஆலோங்கிடம் (கந்துவட்டிக்காரரிடம்) வாங்கியவர்கள் கதையை நான் எழுத வேண்டியதில்லை.

சேமநிதியைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஐ-லெஸ்தாரி என்று முதலில் வந்தது: இரண்டாம் கணக்கிலிருந்து மாதம் 500 வெள்ளி, பன்னிரண்டு மாதம். பிறகு ஐ-சினார், முதல் கணக்கிலிருந்து. அதற்குப் பிறகு 2021-இல் ஐ-சித்ரா, 5,000 வெள்ளி வரை. 2022-இல் இன்னொரு முறை 10,000 வெள்ளி வரை. நாலையும் சேர்த்து நாடு முழுக்க சுமார் 81 லட்சம் பேர் 14,500 கோடி வெள்ளி எடுத்தார்கள். எடுத்தவர்களை நான் ஒரு நாளும் குறை சொல்ல மாட்டேன், பாரம் நிரப்பியவளே நான்தான். பசிக்கும் பிள்ளைக்கு முன்னால், சேமநிதியை எடுக்கும் ஐம்பத்தைந்து வயது ரொம்ப தூரத்தில் இருக்கிறது. ஆனால் இதை அரசாங்க உதவி என்ற தலைப்பின் கீழ் எண்ணக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது தொழிலாளியின் சொந்தப் பணம். மார்ச் 27 அறிவிப்பில் சொன்ன 25,000 கோடியில் அரசு நேரடியாகத் தன் கையிலிருந்து போட்டது 2,500 கோடி. மிச்சத்தில் ஒத்திவைத்த கடன் தவணை, கடன் உத்தரவாதம், மக்கள் தங்கள் சேமிப்பிலிருந்து தாங்களே எடுத்தது எல்லாம் அடக்கம். 2021 முடிவதற்குள் எட்டுத் திட்டங்கள், மொத்தம் 53,000 கோடி என்று சொன்னார்கள். அந்தப் பெரிய எண்ணைக் கேட்கும்போதெல்லாம் அதற்குள் எங்கள் லயத்து மனுஷர்களின் கிழப்பருவமும் சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

கம்பெனி வேலையில் இருந்த என் சித்தி மகன் இரண்டாம் கணக்கை வழித்து எடுத்து, முதல் கணக்கிலும் எடுத்தான். இப்போது அவன் கணக்கில் நாலாயிரத்துச் சொச்சம் இருக்கிறது. வயது நாற்பத்தெட்டு.

சிவப்பு ஐசிக்காரர்களை எங்கே வைப்பது? குடும்ப உதவி குடிமக்களுக்கு மட்டும். இங்கேயே பிறந்து, இங்கேயே பால்வெட்டி, இங்கேயே பேரன் பேத்தி எடுத்து, நிரந்தரவாசி என்று சிவப்பு அட்டையோடு இருப்பவர்கள் எங்கள் டவுனைச் சுற்றி இன்னும் இருக்கிறார்கள். தற்காலிகவாசி என்று பச்சை அட்டை வைத்திருப்பவர்களும் உண்டு. எந்த அட்டையும் இல்லாதவர்களும் உண்டு. வீட்டிலேயே பிரசவம், பதிய ஆள் இல்லை, அப்பா அம்மா கல்யாணம் கோயிலோடு முடிந்தது, பதிவு பண்ணவில்லை. ஒரு தலைமுறையில் விட்டது அடுத்த தலைமுறையையும் பிடித்துக்கொள்கிறது.

இது எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. 1968-இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று ஆனபோது, சுமார் 60,000 இந்தியர்கள் தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அதற்கு முன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்திலும் தெருவுக்கு வந்தவர்கள் இவர்களே. அந்தத் துண்டாடலுக்குப் பதிலாகத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் சுங்கை சிப்புட் அவர் பிறந்து, நாடாளுமன்றத்துக்கு நின்ற ஊர். தோட்டம் தோட்டமாக நடந்து, பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் வாங்கி, தொழிலாளியின் பெயரை ஒரு பதிவேட்டில் ஏற்றிய மனுஷர் அவர். என் தாத்தாவின் பெயரும் அதில் இருந்தது. உதவி வாங்க இல்லை, பங்குதாரராக. அந்தச் செயலின் அருமை எனக்கு 2020-இல்தான் முழுதாகப் புரிந்தது.

என் அம்மாவோடு பால்வெட்டிய ஒரு பெரியம்மாவுக்கு சிவப்பு ஐசி. குடியுரிமைக்குப் பலமுறை விண்ணப்பித்தவர். மலாய் தெரியுமா என்று கேட்கும் நேர்காணலில் பதற்றத்தில் வாய் வராமல் போனதும் உண்டு. 2018-இல் அறுபது தாண்டிய சிவப்பு அட்டை இந்தியர்களுக்குக் குடியுரிமை என்று அரசு சொன்னபோது ரொம்ப நம்பினார். உதவித்தொகை பற்றி என்னிடம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டால் எனக்குச் சங்கடம் என்று அவருக்குத் தெரியும். நானாகப் போய், "பெரியம்மா, அரிசி இருக்கா?" என்று கேட்டால், "இருக்குமா, நீ போய் மத்தவங்களப் பாரு" என்பார். பெரியப்பா நீல ஐசியோடு உயிரோடு இருந்திருந்தால் அந்த வீட்டுக்கு 1,600 வெள்ளி வந்திருக்கும். அவர் 2017-இல் இறந்துவிட்டார். ஒரே வீடு, ஒரே அடுப்பு, வேறொரு அட்டை.

2021 ஜூன் மாதம் நாடு மறுபடி முழுதாக மூடியது. பெமெர்காசா பிளஸ், பெமுலே என்று அடுத்தடுத்து அறிவிப்புகள் வந்தன. ஜூன் 28-இல் அறிவித்த பெமுலே மட்டும் 15,000 கோடி. அதே வாரங்களில்தான் உதவி தேவைப்படுகிறவர்கள் வீட்டு வாசலில் வெள்ளைக் கொடி கட்டலாம் என்று பரவியது. எங்கள் வரிசையிலும் கொடிகள் வந்தன. பழைய பள்ளிச் சட்டை, தலையணை உறை, சமையல் துண்டு. நானும் கோயில் இளைஞர்களும் மளிகை கொண்டு போனோம். சீனக் கடைக்காரர்கள் முட்டை கொடுத்தார்கள், பள்ளிவாசல் பக்கமிருந்து அரிசி வந்தது. போன வீடுகளில் உட்கார்ந்து பேசினால் திரும்பத் திரும்ப ஒரே பதில்: விண்ணப்பம் நிராகரிப்பு, பழைய வருமானக் கணக்கு, பேங்க் எண் தப்பு, பிரிந்துபோன கணவர் பெயரில் போய்விட்டது, ஐசி சிவப்பு, முதலாளி சொக்சோ கட்டவில்லை. பணம் இல்லாமல் போன அரசாங்கம் என்று யாரும் சொல்லவில்லை. பணம் பக்கத்து வீடு வரை வந்து நின்றதைத்தான் சொன்னார்கள்.

பிரிந்துபோன கணவர் விஷயம் எனக்கு மிகவும் கசப்பானது. குடும்பத் தலைவர் என்று பழைய பட்டியலில் இருப்பவர் பெயரில்தான் பணம் விழும். குடித்துவிட்டு ஓடிப்போன ஆளின் கணக்கில் 1,000 வெள்ளி விழுந்ததை, மூன்று பிள்ளைகளோடு இருக்கும் பெண் என் கைப்பேசித் திரையில் பார்த்தாள். "லூலூஸ்", அதாவது ஒப்புதல், என்று பச்சை எழுத்தில் இருந்தது. மேல்முறையீடு போட்டோம். விவாகரத்துப் பத்திரம் கேட்டார்கள். அவளிடம் இருந்தது போலீஸ் ரிப்போர்ட் மட்டும்.

அடுத்த முறை என்று ஒன்று வரும். வெள்ளமோ, வேறொரு நோயோ, தோட்டம் விற்பனையோ. அப்போதும் பட்டியலைப் பார்த்துத்தான் பணம் வரும், அதை மாற்ற முடியாது. பட்டியலை மாற்றலாம். தோட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று தோட்டத்துக் கிராணிக்கு (எழுத்தருக்கு) தெரியும், எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வருகிறது என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்குத் தெரியும், யாருக்கு என்ன அட்டை என்று கிளினிக் நர்ஸுக்குத் தெரியும். குடிமக்களா இல்லையா என்ற கேள்வியை ஒரு மூன்று மாதத்துக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, இந்தக் கூரையின் கீழ் எத்தனை வாய் என்று மட்டும் கேட்கும் ஓர் உதவியாவது இருக்க வேண்டும். அதற்கு இந்த மூவரின் கையெழுத்து போதும் என்பது என் கருத்து. இதை எங்கள் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதுவரை நம்மால் ஆனதைச் செய்யலாம். ஒட்டுக்கடை, மாலை, முறுக்கு, பந்தல், அலங்காரம், எதுவாக இருந்தாலும் எஸ்.எஸ்.எம்.மில் பதியுங்கள். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, கடைக்குத் தனிப்பெயர் வேண்டுமென்றால் 60. சொந்தத் தொழில் செய்கிறவர்களும் சொக்சோவில் சேரலாம், 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்காகவே வந்தது. சேமநிதியில் ஐ-சாரான் என்று ஒரு வழி இருக்கிறது, நீங்களாகப் போடும் பணத்துக்கு அரசும் கொஞ்சம் சேர்த்துப் போடும். குத்தகைக்காரரிடம் வேலை செய்பவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேமநிதிக் கணக்கைத் திறந்து பாருங்கள், பணம் விழவில்லை என்றால் அந்த மாதமே கேளுங்கள். கல்யாணத்தைக் கோயிலோடு நிறுத்தாமல் பதிவிலாகாவில் பதியுங்கள். பிள்ளை பிறந்த உடனே பத்திரம் எடுங்கள். பிரிந்து வாழும் பெண்கள் இழுத்தடிக்காமல் கோர்ட்டு வேலையை முடித்துவிடுங்கள், சட்ட உதவி அலுவலகத்தில் கட்டணம் குறைவு.

பூக்கடை அக்கா இப்போது பதிந்துவிட்டார். கடைக்கு மகள் பெயரை வைத்திருக்கிறார், ஆண்டுக்கு 60 வெள்ளி. புதுப்பிக்கும் நாள் அடுத்த மாதம் வருகிறது, சனிக்கிழமை மத்தியானம் கடை மூடியதும் அவருக்கும் இன்னும் நாலைந்து பேருக்கும் உட்கார்ந்து பண்ணித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். வர விரும்புகிறவர்கள் ஐசியும் பேங்க் புத்தகமும் எடுத்து வாருங்கள். சிவப்பு ஐசிக்காரர்களும் வாருங்கள். குடியுரிமை விண்ணப்பத்துக்கு என்னென்ன பத்திரம் வேண்டும் என்று ஒரு கோப்பு தயார் பண்ணி வைத்திருக்கிறேன், பெரியம்மாவுடையதிலிருந்து தொடங்கியது.